பல்லிடுக்கில் ஒரு காற்று

சொட்டு மருந்து போட்டவர்கள் கண்ணைத் திறக்க வேண்டாம் என்று அந்தக் குரல் சொன்னது. ‘சொட்டு’ என்னும்போது, முதல் எழுத்து வாயை விட்டு வெளியே வரும் இடத்தில், பல்லிடுக்கில் மெல்லிசாய் ஒரு காற்று சீறிக்கொண்டு போனது. கையிலிருந்த ஃபைலை மடியில் இறக்கி வைத்தேன். பக்கத்தில் இவர் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நர்ஸ் இப்போதுதான் இரண்டு கண்ணிலும் மருந்தை விட்டு, கன்னத்தில் வழிந்ததைப் பஞ்சால் ஒற்றிவிட்டு, நாற்பது நிமிஷம் திறக்கக் கூடாது தாத்தா என்று சொல்லிவிட்டுப் போனாள். தாத்தா என்றதில் இவருக்கு வருத்தம். அறுபத்து நாலு வயசெல்லாம் ஒரு வயசா என்பது போல உதட்டைப் பிதுக்கினார். நான் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. காது மேலே, கூரையோரம் மாட்டியிருந்த அந்த வட்டமான ஸ்பீக்கரில் போய் ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்தச் சீறல் எனக்குத் தெரியும். அது என் வாயில் இருக்கிறது. இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் வடபழனியில் மழைத் தண்ணீரில் மொபெட் சறுக்கி, முன்பல் பாதி உடைந்து, டாக்டர் வைத்த மூடி ஒரு நூலளவு சரியாகப் பொருந்தாமல் போனதால் வந்தது. அதற்கப்புறம் எந்த ஸ்டுடியோவுக்குப் போனாலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்ஜினியர் சொல்வார், மேடம் அந்த ‘ச’ கொஞ்சம் காத்தடிக்குது, மைக்கை விட்டுத் தள்ளி நில்லுங்க. தள்ளி நின்றே பழகிப்போனேன். தள்ளி நின்றே எத்தனை கதாநாயகிகளுக்கு அழுதேன், எத்தனை மாமியார்களுக்குக் கத்தினேன். இப்போது இந்த ஆஸ்பத்திரியில், காலை பத்தரை மணிக்கு, நூறு பேர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கூடத்தில், அதே காற்று மேலேயிருந்து வருகிறது.

இருக்காது. நாலு மாசமாக டப்பிங்குக்கு யாரும் சரியாகக் கூப்பிடவில்லை, அதனால் காது இல்லாததையெல்லாம் கேட்கிறது. டோக்கன் எண் தொண்ணூற்றி எட்டு, அறை எண் இரண்டு. இதில் ‘ச’ இல்லை. காத்திருந்தேன். டோக்கன் எண் தொண்ணூற்றி ஒன்பது, திருமதி சரோஜினி, அறை எண் ஐந்து. சரோஜினியில் வந்தது. இந்தத் தடவை சந்தேகத்துக்கு இடமில்லாமல், ஊசியால் பலூனைத் தொட்ட மாதிரி. ரெஜினாவாக இருக்குமோ என்று நினைத்தேன். ரெஜினாவும் நானும் ஒரே வருஷம் யூனியன் கார்டு வாங்கினவர்கள். என் குரலை அவள் நன்றாகச் செய்வாள், ஒரு தடவை எனக்குத் தொண்டை கட்டியபோது கடைசி இரண்டு ரீலை அவள்தான் பேசி முடித்தாள், டைரக்டருக்கே தெரியவில்லை. ஆனால் ரெஜினாவின் பல் வரிசையாக, சோளக்கதிர் மாதிரி இருக்கும். அவளுக்கு இந்தக் காற்று வராது. வேண்டுமென்றே வரவழைத்தால்தான் உண்டு, டோக்கன் கூப்பிடுவதற்கு எவளாவது அந்தப் பாடு படுவாளா. போன மாசம் கடையில் பார்த்தபோது ரெஜினா என் முகத்தைப் பார்க்காமல் கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே பேசினாள். உனக்கு வேலை வருதா என்று கேட்டேன், வருது வருது என்றாள். இரண்டு தடவை சொன்னாள். வேலை வருகிறவர்கள் ஒரு தடவைதான் சொல்வார்கள்.

மறுபக்கம் ஒரு அம்மா, கையில் ஒயர் கூடை, புருஷனுக்குக் காவலாக வந்தவள் போல. அவளிடம் மெதுவாகக் கேட்டேன், ஏம்மா, இந்த மைக்ல பேசுதே, அந்தக் குரலும் என் குரலும் ஒரே மாதிரி இருக்கா. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். காது கொடுத்துக் கேட்டாள். ஸ்பீக்கர் நல்ல வேளையாக நூறாவது டோக்கனைக் கூப்பிட்டது. “உங்களது கொஞ்சம் கட்டைக் குரலுங்க. அது சின்னப் பொண்ணு மாதிரி இருக்கு” என்றாள். பிறகு எனக்கு மனசு கஷ்டப்படும் என்று தோன்றியதோ என்னவோ, “உங்களதும் நல்லாத்தான் இருக்கு” என்று சேர்த்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சில் ஏதோ குத்தவும் செய்தது. கட்டைக் குரல்தான். பேசும்போது நான் கட்டை. மைக் முன்னால் நின்றால் வேறே. மைக் முன்னால் எனக்கு இருபத்திரண்டு வயசு வரும், அது வேண்டியபோது வரும், வேண்டாதபோது போய்விடும். அந்த இருபத்திரண்டு வயசுக்காரியைத்தான் யாரோ மேலே உட்கார வைத்து டோக்கன் கூப்பிட வைத்திருக்கிறார்கள்.

எழுந்து விசாரணை மேஜைக்குப் போனேன். இவரிடம் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்றேன். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் ஒரு கையால் போனையும் ஒரு கையால் பிரின்டரையும் சமாளித்துக்கொண்டிருந்தாள். “இந்த அறிவிப்பு யாரு பேசறது?” “யாரும் பேசலை மேடம், சிஸ்டம்.” “சிஸ்டம்னா? யாரோ ஒருத்தர் பேசிப் பதிவு பண்ணியிருப்பாங்க இல்லையா?” “இல்ல மேடம், நாங்க பேரை டைப் பண்ணா அதுவே பேசும். என்ன பேரு டைப் பண்ணாலும் பேசும்.” அவள் அதைப் பெருமையாகச் சொன்னாள். “பழைய மைக்ல நாங்களே கத்திக் கத்தித் தொண்டை போயிடும். இது வந்தப்புறம் நிம்மதி.” அந்தப் பெண்ணின் தொண்டையை நினைத்தால் சந்தோஷப்படத்தான் வேண்டும். நாள் முழுக்கக் கத்துவது எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும், வெந்நீரும் சுக்கும் எனக்கும் தெரியும். ஆனால் அவள் சொன்னதில் ஒன்று நெருடியது. அதுவே பேசும் என்றாள். அதற்குப் பல் ஏது? பல் இல்லாததற்குப் பல்லிடுக்கில் காற்று எங்கிருந்து வரும்?

அங்கேயே, தண்ணீர் கேன் பக்கத்தில் நின்றுகொண்டு, எனக்கு அந்த ஆறு நாள் ஞாபகம் வந்துவிட்டது. வந்துவிட்டது என்று சொல்வது சரியில்லை, முதல் ‘சொட்டு’வைக் கேட்டபோதே வந்துவிட்டது, நான்தான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போன ஆடி மாசம். வளசரவாக்கத்தில் மாடியில் ஒரு சின்ன ஸ்டுடியோ, ஏசி இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை இருமும். செல்வகணபதிதான் கூப்பிட்டார். இருபது வருஷமாக என்னை டப்பிங்குக்குக் கூப்பிடும் இன்சார்ஜ், என் பெண் கல்யாணத்துக்கு முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர். பார்வையில்லாதவங்களுக்குப் புத்தகம் வாசிக்கிறதுக்கு ஒரு ஆராய்ச்சி நடக்குதும்மா, தெளிவான தமிழ் வேணுமாம், உங்களை விட்டா யாரு என்றார். நல்ல காரியம் என்று வெந்நீர்ப் புட்டியோடு போனேன். படம் இல்லை, உதடு இல்லை, எதிரில் எந்த முகமும் இல்லை. தாள் தாளாக வாக்கியங்கள். கிழக்குப் பக்கம் ஒரு மாடு நிற்கிறது. உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது. ஐயோ என் குழந்தை. நாளை மழை பெய்யலாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது. முதலில் உணர்ச்சியில்லாமல், அப்புறம் சிரித்துக்கொண்டு, அப்புறம் கோபமாக. ஒன்றிலிருந்து ஆயிரம் வரை எண்கள். ஊர்ப் பெயர்கள். ஆள் பெயர்கள். மூன்றாம் நாள் நான் கேட்டேன், புத்தகம் எங்கேங்க, வெறும் வாக்கியமா இருக்கே. இது முடிஞ்சதும் புத்தகம் என்றார் செல்வகணபதி. ஆறாம் நாள் மாலை போட்டு, ஒரு தட்டில் பழம் வைத்து, நன்றி சொன்னார்கள். மாலை எதற்கு என்று அப்போதே தோன்றியிருக்க வேண்டும். முப்பத்தோரு வருஷத்தில் எந்த டப்பிங் தியேட்டரில் எனக்கு மாலை போட்டார்கள்? புத்தகம் வரவே இல்லை. அதற்கடுத்த மாசத்திலிருந்து மற்ற வேலையும் ஒவ்வொன்றாக நின்றது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. வேலை இப்படித்தான், வரும் போகும் என்று எனக்கு நானே டப்பிங் பேசிக்கொண்டிருந்தேன்.

போன் போட்டேன். நாலாவது மணியில் எடுத்தார். சொல்லுங்க இந்திராணிம்மா. குரலில் அந்தப் பழைய குழைவு இருந்தது, ஆனால் ‘சொல்லுங்க’வுக்கு முன்னால் ஒரு மூச்சு நின்றது. நான் மூச்சைக் கேட்டுப் பிழைப்பவள். “ஆஸ்பத்திரியில இருக்கேன் சார். இங்க மைக்ல நான் பேசிட்டிருக்கேன்.” “புரியலைம்மா.” “என் குரல்ல டோக்கன் கூப்பிடுது.” அவர் சிரித்தார். “உங்களுக்கு அப்படித் தோணுதும்மா. இப்பல்லாம் நூறு பேர் குரலைக் கலந்துதான் பண்றாங்க. யாரோடதுன்னு யாராலயும் சொல்ல முடியாது.” “என் பல்லு ஓட்டை கேக்குது சார்.” அந்தப் பக்கம் ஏதோ வண்டி ஹாரன் கேட்டது. பிறகு, “பேப்பர்ல எல்லாம் தெளிவா இருக்கும்மா. உங்க வீட்டுக்காரர் படிச்சுப் பாத்துத்தானே கையெழுத்துப் போடச் சொன்னாரு? அவரைவிடவா எனக்குத் தெரியும், ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல இருந்தவரு” என்றார். வைத்துவிட்டார். ஒரு நல்ல வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்து எடுத்து நீட்டின மாதிரி இருந்தது. எத்தனை பேருக்கு இதே மாதிரி ஒன்று வைத்திருப்பார். ரெஜினாவுக்கு என்ன வைத்திருப்பார்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். எங்க போய்ட்டே என்றார் இவர், கண்ணைத் திறக்காமல். தண்ணி என்றேன். இவ்வளவு நேரமா என்றார். கண்ணை மூடினால் இவருக்குக் காது கூர்மையாகிவிடும் போல. எனக்குப் பேசப் பிடிக்கவில்லை. பேசினால் மேலே இருப்பவளுக்கு இன்னும் கொஞ்சம் கொடுத்த மாதிரி ஆகுமோ என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். எதிரே சுவரில் பெரிய கண் படம், அதன் நடுவில் வெள்ளையாகப் பனி மூடின மாதிரி புரை. அதைப் பார்த்துக்கொண்டே டோக்கன்களை எண்ணினேன். நூற்றிப் பத்து. நூற்றிப் பதினொன்று. ஒவ்வொரு பெயரையும் அவள் எப்படிச் சொல்கிறாள் என்று கவனித்தேன். அவசரமில்லை. ஒவ்வொருவரையும் வீட்டுக்குள் வரச் சொல்கிற மாதிரி சொன்னாள். அது என் வழக்கம். தெலுங்குப் படமொன்றில் ஒரு கலெக்டருக்குப் பேசியபோது பிடித்துக்கொண்டது, அதிகாரமும் இருக்கணும், பயமுறுத்தவும் கூடாது என்று டைரக்டர் சொல்லி இரண்டு நாள் திணறிக் கண்டுபிடித்தது. அதையும் எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆறு நாளில் நான் அதைத் தனியாகக் கொடுத்த ஞாபகம் இல்லை. வாக்கியங்களுக்கு இடையில் எங்கேயோ கிடந்திருக்கும். வீட்டைக் காலி பண்ணும்போது ஆணியோடு சேர்த்துக் கழற்றிக்கொண்டு போகிற மாதிரி. நூற்றிப் பதினாறு. அறை எண் மூன்று.

டோக்கன் எண் நூற்றிப் பதினேழு. திரு ஏகாம்பரம். அறை எண் நான்கு.

இவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். கண் மூடியபடியே, முகம் முழுக்க என் பக்கம். “என்ன இந்திரா?” என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. முப்பத்தாறு வருஷமாக அந்தப் பெயரை நான் சொன்னதில்லை. யாரும் சொல்லாதே என்று சட்டம் போடவில்லை, எங்கள் பக்கத்தில் பெண்கள் சொல்வதில்லை, எனக்கும் வரவில்லை. ரேஷன் கார்டு எழுதப் போனால்கூடப் பக்கத்தில் நிற்கிறவரை விட்டுச் சொல்லச் சொல்வேன். என் பெண் கேலி பண்ணுவாள், மாடர்ன் பொண்ணுங்களுக்கெல்லாம் பேசறே, அப்பா பேரு மட்டும் வராதா என்று. அந்த ஆறு நாளில், ஆள் பெயர் பட்டியலில், எழிலரசனுக்கும் ஏழுமலைக்கும் நடுவில் இந்தப் பெயர் வந்தது. நான் ஒரு நிமிஷம் நின்று, அதைத் தாண்டி அடுத்த பெயரைப் படித்தேன். இன்ஜினியர் ஒன்று விட்டுப்போச்சு மேடம் என்றார். அது வேண்டாம், விட்டுடுங்க என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு விட்டுவிட்டார். ஆயிரம் பெயரில் அந்த ஒன்றைத்தான் நான் கொடுக்கவில்லை. கொடுக்காததை அவளே செய்துகொண்டிருக்கிறாள். ‘ஏ’வை நீட்டி, ‘காம்’இல் இறங்கி, ‘பரம்’இல் அந்தக் கலெக்டர் மாதிரி கொஞ்சம் சிரித்து. நான் சொல்லியிருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அதுதான் பயமாக இருந்தது. திருடு போன பொருளைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னிடம் இல்லாத ஒன்றை என் பெட்டியிலிருந்து எடுத்ததாகக் காட்டுகிறார்களே.

“நான் கூப்பிடலை” என்றேன். குரல் கட்டையாக வந்தது. மேலே அவள் இரண்டாம் தடவை கூப்பிட்டாள், டோக்கன் எண் நூற்றிப் பதினேழு, திரு ஏகாம்பரம். இவர் முகம் மெல்ல மேல் நோக்கித் திரும்பியது, பிறகு மறுபடி என் பக்கம். ஆச்சரியம் இல்லை அதில். அதை நான் பார்த்தேன். முப்பத்தோரு வருஷம் முகங்களைப் பார்த்துத்தான் பேசியிருக்கிறேன், எந்த முகத்தில் எது இருக்கிறது, எது இல்லை என்று எனக்குத் தெரியும். “உங்களுக்கு முன்னமே தெரியுமா?” இவர் கையால் துழாவி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தார். “பேங்க்ல” என்றார். “மூணு மாசம் இருக்கும். அடுத்த வாடிக்கையாளர்னு கூப்பிட்டுது. நீ பின்னாடி நிக்கறேன்னு திரும்பிப் பாத்துட்டேன்.” “ஏன் எங்கிட்ட சொல்லலை?” “சொன்னா நீ வருத்தப்படுவே.” இது போதாது. இந்தப் பதிலில் எங்கேயோ உதடு ஒத்துவரவில்லை. மூன்று மாசமாக ஒவ்வொரு திங்கட்கிழமையும் பாஸ்புக்கில் வரவு போடணும் என்று பேங்க்குக்குப் போனாரே, அது எதற்கு? அந்தக் குரலைக் கேட்கப் போனாரா? இல்லை, இவருக்கும் செல்வகணபதிக்கும் நடுவில் எனக்குத் தெரியாமல் ஏதாவது இருக்கிறதா? சீ, என்ன நினைக்கிறேன். ஆனால் நினைத்துவிட்டேன். நினைத்ததைத் திரும்ப எடுக்க முடியவில்லை. இவருடைய முழங்கையைப் பிடித்து நாலாம் அறைக்கு நடத்திக்கொண்டு போனேன். என் பிடி வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தது.

டாக்டர் நடுத்தர வயசுப் பெண், மூக்கில் சிவப்புக்கல். அறை இருட்டாக இருந்தது. இவர் தாடையை அந்தக் கருவியின் மேல் வைத்துக்கொண்டார், ஒரு கோட்டு வெளிச்சம் கண்ணுக்குள் போய்ப் போய் வந்தது. “எவ்வளவு நாளா மங்கலா தெரியுது சார்?” “ஒரு ரெண்டு மாசமா.” டாக்டர் சிரித்தார். “ரெண்டு மாசத்துல இவ்வளவு வராது. ரெண்டு கண்ணுமே நல்லா முத்தியிருக்கு. ஒன்றரை வருஷமாவது ஆகியிருக்கும். நியூஸ்பேப்பர் எப்படிப் படிச்சீங்க? தலைப்பு தெரிஞ்சிருக்கும், கீழ இருக்கற சின்ன எழுத்து தெரிஞ்சிருக்காதே.” அந்த இருட்டில் வெளிச்சம் பட்ட ஒற்றைக் கண் மட்டும் தெரிந்தது, வெள்ளை படர்ந்து, அரிசி கழுவின தண்ணீர் மாதிரி. வியாழக்கிழமை ஒரு கண், பதினைந்து நாள் கழித்து இன்னொன்று, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார். நான் கணக்குப் போட்டேன். ஒன்றரை வருஷம். போன ஆடிக்கு இன்னும் வருஷம் திரும்பவில்லை.

அந்த ஒப்பந்தத் தாள்கள் மூன்று பக்கம், இங்கிலீஷில், பொடி எழுத்து. செல்வகணபதி வீட்டுக்கே கொண்டுவந்தார். எந்தத் தாள் வந்தாலும் இவரிடம் கொடுப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷம் தலைமை எழுத்தராக இருந்தவர், ஒரு வில்லங்கம் இவர் கண்ணில் தப்பாது என்று தெருவே சொல்லும். கூடத்து ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். உதடு அசைந்தது. ஒரு பக்கம் திருப்பினார், கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு பக்கம். நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது தெரிகிறது, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே நேரம் எடுத்துக்கொண்டார். நிறைய எழுதியிருந்த பக்கத்துக்கும், கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்த கடைசிப் பக்கத்துக்கும் ஒரே நேரம். உதட்டைப் பார்த்துப் பேசுவதுதான் என் தொழில். உதடு பொய் சொன்னால் அரை நொடியில் கண்டுபிடிப்பேன். அந்த உதட்டை மட்டும் நான் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையே இல்லை என்று முப்பத்தாறு வருஷமாக நினைத்துவிட்டேன். எல்லாம் சம்பிரதாயமா போடறதுதான், கையெழுத்துப் போடு இந்திரா என்றார். போட்டேன். செல்வகணபதி டீயைக் குடித்துவிட்டுப் போனார். அவர் இவர் படிப்பதைப் பார்த்துக்கொண்டேதான் டீ குடித்தார். அவருக்குத் தெரிந்திருக்குமோ? இவர் டம்ளரை எடுக்கக் கை நீட்டி, ஒரு விரல்கடை தள்ளிக் காற்றைப் பிடித்தாரே, அதை அவர் பார்த்திருப்பாரோ?

வெளியே தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு காலியாக இருந்தது. உட்கார வைத்தேன். கேட்க வேண்டாம் என்று ஒரு பக்கம் மனசு இழுத்தது. கேட்காவிட்டால் இனிமேல் இவர் பேப்பர் படிக்கும் ஒவ்வொரு காலையும் நான் உதட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

“அன்னிக்கு அந்த அக்ரிமென்ட்டைப் படிச்சீங்களா?”

மருந்தில் பெரிதாய் விரிந்த கண்மணிகளோடு இவர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் தெரிந்திருக்காது. “தலைப்பு தெரிஞ்சுது” என்றார்.

“மிச்சம்?”

“எறும்பு போற மாதிரி இருந்துது.” தொண்டையைச் செருமினார். “அந்தாள் முன்னாடி எப்படிச் சொல்றது? என்னை என்னமோன்னு நெனச்சுத்தானே எல்லாரும் எங்கிட்ட கொண்டுவர்றாங்க. ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சேன். பேங்க்ல கேட்ட அன்னிக்கு வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி வெச்சுப் படிச்சேன். ரெண்டாம் பக்கம், அடியில. எந்தக் காலத்துக்கும், எந்த நாட்டுலயும், எதுக்கு வேணும்னாலும்னு இருக்கு.” அந்தக் கடைசி வாக்கியத்தை வேகமாக, மனப்பாடம் ஆன பாடம் மாதிரி சொன்னார். எத்தனை தடவை படித்திருப்பார். எனக்குத் தெரியாமல், நான் குளிக்கும்போதோ தூங்கும்போதோ, அலமாரியைத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாக. திங்கட்கிழமைதோறும் பேங்க்கில் உட்கார்ந்து இவர் என்ன கேட்டுக்கொண்டிருந்தார் என்று புரிந்தது. தன் தப்பைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அடுத்த வாடிக்கையாளர் வரவும், அடுத்த வாடிக்கையாளர் வரவும் என்று. எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்குப் போக ஒரு இடம் கிடைக்கவில்லை. இவர் மேல் போனால் இந்த வெள்ளைக் கண்ணில் போய் முட்டியது. செல்வகணபதி மேல் போனால் மாலையிலும் பழத்தட்டிலும் சறுக்கியது. மேலே ஸ்பீக்கரில் இருப்பவள் மேல் போகவே முடியவில்லை, அவள் யாரையோ அன்பாக ஆறாம் அறைக்கு அழைத்துக்கொண்டிருந்தாள். இவர் சட்டைக் காலரில் வழிந்திருந்த மருந்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தேன். “திட்டு” என்றார். “வீட்டுக்குப் போய்” என்றேன்.

அப்புறம் ஆபரேஷன் விவரம் சொல்லும் மேஜை. நீல நிறப் புடவை கட்டின பெண், மேகலா என்று குத்தியிருந்த பெயர்ப் பட்டையில் எழுதியிருந்தது. எந்த லென்ஸ், காலையில் எத்தனை மணிக்கு வரணும், சர்க்கரை மாத்திரை போடலாமா என்று மளமளவென்று சொன்னாள். சொல்லி முடித்து ஒரு தாளை நகர்த்தினாள், இரண்டு பக்கம், தமிழில்தான், பேனாவை அதன் மேலேயே வைத்து. “இங்க சார், இங்க நீங்க மேடம். ரெண்டு கையெழுத்து.” இவர் கை பழக்கத்தில் பேனாவைத் தேடி நீண்டது. நான் தாளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினேன். “படிக்கறேன், கேளுங்க” என்று இவரிடம் சொன்னேன். மேகலா, “அது எல்லாருக்கும் போடறதுதான் மேடம்” என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டு இவர் தலை லேசாக அசைந்தது.

படித்தேன். முதலில் கட்டைக் குரலில்தான் ஆரம்பித்தேன். ஒன்று, மேற்படி அறுவைச் சிகிச்சையின் தன்மை எனக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட்டது. இரண்டு, மயக்க மருந்தால் ஏற்படக்கூடிய விளைவுகள். இரண்டாவதில் வரும்போது மூச்சு தானாக அடிவயிற்றிலிருந்து எழுந்தது, முதுகு நிமிர்ந்தது, எதிரில் மைக் இல்லை, ஆனாலும் வந்தது. பக்கத்து நாற்காலிகளில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். தங்கள் கையிலும் அதே தாளை வைத்திருந்த ஒரு வேட்டிக்காரரும் அவர் மகளும் தாளைப் புரட்டி, நான் படிக்கும் இடத்தைத் தேடிக்கொண்டார்கள். ‘ச’ வந்த இடங்களில் எல்லாம் காற்று சீறியது. தள்ளி நிற்கவில்லை. மூன்று, கிருமித் தொற்று. மேகலா கடிகாரத்தைப் பார்த்தாள். நாலில் நின்றேன். மறுபடி அந்த நாலாவதை முதலிலிருந்து, நிறுத்தி நிறுத்திப் படித்தேன். என் கண்களின் படங்களையும் பரிசோதனை விவரங்களையும் பயிற்சி, ஆராய்ச்சி மற்றும் மென்பொருள் மேம்பாட்டுக்குப் பயன்படுத்திக்கொள்ள முழு மனதுடன் சம்மதிக்கிறேன்.

“மென்பொருள்னா எந்த மென்பொருள்?” என்று கேட்டேன்.

“அது... பொதுவா போட்டிருக்கு மேடம்.”

“யாரோடது? எத்தனை நாளைக்கு வெச்சிருப்பாங்க? வேண்டாம்னா கண்ணுக்கு வைத்தியம் உண்டா இல்லையா?”

“இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல மேடம்.”

“கேட்டுட்டு வாங்க. நாங்க உக்காந்திருக்கோம்.”

அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். கோபமா, அலுப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு உள்ளே போனாள். வேட்டிக்காரரின் மகள் தன் தாளில் நாலாவதை விரலால் தொட்டு அப்பாவிடம் ஏதோ சொன்னாள். அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்த பேனாவைத் திரும்பப் பையிலேயே செருகிக்கொண்டார். எனக்கு நம்பிக்கை எதுவும் வரவில்லை. உள்ளே போனவள் இன்னொரு தாளோடு வருவாள், அதில் இன்னும் பொடியாக ஏதாவது இருக்கும். இருக்கட்டும்.

இவர் முழங்கையை மேஜை மேல் ஊன்றி, முகத்தை என் பக்கம் கொண்டுவந்தார். “அடுத்தது என்ன போட்டிருக்கு?” என்றார்.

விரலை ஐந்தாவது வரியில் வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன்.